கோழி இலாகா

ஸர்க்கார் உத்தியோகத்தில் 30 வருஷம் இருந்து, 55-ஆவது வயதில் ஒரு ரோஜா மாலையும், ஒரு குரூப் போட்டோவும், 'இனிமேலாவது ஐயா நிம்மதியாக இருக்க வேண்டும்' என்று முடிகிற ஏழெட்டுப் பிரசங்கங்களும் பெற்றுக்கொண்டு வீடு திரும்புகிற மனிதருக்கு, மறுநாள் காலை பத்து மணி அடித்ததும் உண்டாகும் அவஸ்தை இருக்கிறதே, அதற்கு எந்த வைத்தியனிடத்திலும் மருந்து கிடையாது. கோட்டு ஆணியில் தொங்குகிறது, போவதற்கு இடமில்லை. கையெழுத்துப் போட வலக்கை துடிக்கிறது, காகிதம் நீட்டுவாரில்லை. மணியடித்தால் ஓடி வருவதற்கு டவாலிச் சேவகன் இல்லை. பழக்க தோஷத்தால் அடித்துப் பார்த்தாலோ சம்சாரம் வருகிறாள், வந்து, 'பூஜையறை மணியை ஏன் இங்கே எடுத்து வந்தீர்கள்?' என்று கேட்கிறாள்.

இந்த வியாதியிலிருந்து தப்புவதற்கு ஒவ்வொருவரும் ஒவ்வொரு மார்க்கத்தைக் கைக்கொள்ளுகிறார்கள். பாளையங்கோட்டையில் நான் குடியிருந்த தெருவில் மட்டும் பென்ஷன்தாரர்கள் நால்வர் இருந்தார்கள். ஒருவர் கீதையைக் கையில் எடுத்துக்கொண்டு, அகப்பட்டவர்களுக்கெல்லாம் கர்மயோகத்தை உபதேசித்து, தாம் மட்டும் ஒரு கர்மமும் செய்யாமல் காலம் கழித்தார். மற்றொருவர் ஹோமியோபதிப் பெட்டி ஒன்று வாங்கி வைத்துக்கொண்டு, தெருவில் யாராவது தும்ம மாட்டார்களா என்று திண்ணையில் காத்திருந்தார். மூன்றாமவர் முனிசிபாலிடிக்கு மகஜர் எழுதினார்: சாக்கடைக்கு ஒன்று, தெருவிளக்குக்கு ஒன்று, பதில் வராத மகஜர்களைக் குறித்து ஒன்று. இம்மூவரும் பிறருக்கு அதிகத் தீங்கு செய்யாதவர்கள். ஒரு கும்பிடு போட்டுக் கடந்துவிடலாம். நான் சொல்ல வந்தது நான்காமவரைப் பற்றி. அவர் கோழி வளர்த்தார்.

கோழி வைத்திருப்பது வேறு, வளர்ப்பது வேறு. பின்தெருவில் ஒரு கிழவி கோழி வைத்திருந்தாள். விடிந்ததும் பஞ்சாரத்தைத் தூக்குவாள். பொழுது சாய்ந்ததும் 'பா, பா, பா' என்று ஒரு குரல் கொடுத்துக் கவிழ்ப்பாள். இடைப்பட்ட வேளையில் அவை ஊரார் குப்பையைக் கிளறி ஜீவனம் செய்துகொண்டு, நினைவு வந்தபோது அவள் வீட்டு உரல் மூலையில் ஒரு முட்டையை இட்டுவிட்டுப் போகும். இது வைத்திருப்பது. வளர்ப்பதென்பது, ஒரு சிறு புஸ்தகத்தில் தொடங்கி, ஒரு பெரிய கணக்கில் விருத்தியாகி, கடைசியில் மனிதரைக் கொல்லைப்புறத்தில் கொண்டுபோய்க் குந்த வைக்கிற காரியம்.

நமது பிள்ளையவர்கள் கலெக்டர் கச்சேரியில் சிரஸ்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். பரம்பரைச் சைவர். அவர் வீட்டு நடைக்குள் கருவாட்டுக்காரியின் குரல் நுழைந்தால்கூட ஆச்சி கதவைச் சாத்திவிடுவாள். அப்படிப்பட்டவர் ஏதோ ஒரு பொருட்காட்சிக்குப் போய், ராட்டினத்தில் ஏறாமல், அப்பளம் தின்னாமல், கோழி வளர்ப்பைப் பற்றிய பிரசுரம் ஒன்றை வாங்கிக்கொண்டு திரும்பினார். நாட்டுக் கோழி வருஷத்துக்கு 60 முட்டை இடுவதே பிரயாசை. வெள்ளை லெகார்ன் என்னும் சீமைக் கோழியோ 200-க்குக் குறையாமல் இடும் என்று அதில் கண்டிருந்தது. லெகார்ன் என்பது இத்தாலி தேசத்து லிவோர்னோ துறைமுகத்தின் பெயர், ஆங்கிலேயன் வாயில் அகப்பட்டுத் தூத்துக்குடி டூட்டிகொரின் ஆன கதியை அடைந்ததாகும். இதைப் பிள்ளையவர்கள் எனக்கு விளக்கிச் சொன்ன தோரணையைக் கண்டபோதே, மனிதர் தப்பமாட்டார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அன்றிரவு பழைய கச்சேரித் தாளின் பின்புறத்தில் கணக்குப் போட்டார். அணா புழங்கிய காலம். கோழி ஒன்றுக்கு 200 முட்டை, முட்டை இரண்டணா, ஆக 400 அணா, அதாவது 25 ரூபாய். 25 கோழிக்கு 625 ரூபாய். அவருடைய ஆயுளில் எத்தனையோ தாசில்தார்களின் ஜமாபந்திக் கணக்கைக் கிழித்துத் தோரணம் கட்டியவர். ஆனால் இந்தக் கணக்கில் 25 குஞ்சும் பெட்டையாகவே பிறக்கின்றன, ஒன்றாவது சாவதில்லை, எதுவும் எதையும் தின்பதில்லை, பிறந்த மறுநாளே முட்டையிடத் தொடங்குகின்றன என்ற நான்கு பிழைகள் அவர் கண்ணில் படவில்லை. பிறர் கணக்கில் பிழை காண்பதற்கென்றே பழகிய கண்ணுக்குத் தன் கணக்கு எப்போதும் சுத்தமாகத்தான் தெரியும்.

குஞ்சுகள் ஒரு ஸர்க்கார் பண்ணையிலிருந்து ரயில் பார்சலில் வந்தன. பிறந்து ஒரு நாள் ஆன பிஞ்சுகள் சோறு தண்ணீரின்றி எப்படி ரயிலேறும் என்று நான் திகைத்தபோது பிள்ளையவர்கள் புன்னகை புரிந்தார். முட்டையை உடைத்துக்கொண்டு வெளிவருமுன் குஞ்சு மிஞ்சிய மஞ்சட்கருவைத் தன் வயிற்றுக்குள் இழுத்துக்கொள்ளுகிறது. இரண்டு மூன்று நாள் யாத்திரைக்கு அதுவே கட்டுச்சோறு. திருநெல்வேலி ஜங்ஷனில் துளையிட்ட அட்டைப் பெட்டியைக் கையில் வாங்கிக் காதோடு வைத்துக் கேட்டார். உள்ளே இருந்து 25 தொண்டைகளின் 'கீச் கீச்' என்ற ஓசை எழுந்தது. முப்பது வருஷம் குமாஸ்தாக்களை நடுங்க வைத்த அந்த முகம் பேரப்பிள்ளையைப் பார்த்த தாத்தாவின் முகமாக மாறியதை, பார்சல் ஆபீஸ் சிப்பந்தியும் நானும் சாட்சியாக நின்று பார்த்தோம்.

குஞ்சுக்கு முதல் வாரம் 95 டிகிரி உஷ்ணம் வேண்டும். பிறகு வாரத்துக்கு ஐந்தைந்து டிகிரி குறைத்துக்கொண்டு வரவேண்டும் என்பது புஸ்தக விதி. பிள்ளையவர்கள் ஒரு கள்ளிப்பெட்டியில் உமியைப் பரப்பி, மேலே ஓர் அரிக்கன் விளக்கைத் தொங்கவிட்டு, உஷ்ணத்தை அளப்பதற்கு ஹோமியோபதி நண்பரிடம் ஜுரமானி ஒன்று இரவல் வாங்கி வைத்தார். ஜுரமானி 95-க்குக் கீழே பேசாது. இரண்டாம் வாரம் அது முற்றிலும் மௌன விரதம் பூண்டது. அதைக் கையில் உதறி உதறிப் பார்த்துக்கொண்டு, தலையில் மப்ளரைச் சுற்றியபடி, இரவு இரண்டு மணிக்கு அவர் பெட்டியருகே உட்கார்ந்திருந்த கோலத்தைக் கண்டு, மறுநாள் கிழவி வேலிக்கு அப்பாலிருந்து சொன்னாள்:

"ஐயா, குஞ்சுக்குக் காய்ச்சலா பாக்கீய? குழாய எடுத்து அந்தால வையுங்க. கூடி ஒண்டிக்கிட்டு நின்னா குளிருதுன்னு அர்த்தம். விளக்க விட்டு வெலகி மூலைக்கு ஓடுனா சூடு. பரவிப் படுத்துக் கெடந்தா எல்லாம் சரி. இதுக்கு எதுக்கு ஐயா தூக்கம் முழிக்கிறீய?"

பிள்ளையவர்கள் இதை அலட்சியமாகக் கேட்டுவிட்டு உள்ளே போய், நோட்டுப் புஸ்தகத்தில் எழுதி வைத்துக்கொண்டார். உடைந்த பானையில் வைக்கோலும் சாணியும் நனைத்துத் திணித்துப் புற்றருகே கவிழ்த்து வைத்தால், விடியற்காலையில் பானை நிறையக் கறையான் மொய்த்திருக்கும், அதைக் குஞ்சுகளின் முன்னே தட்டினால் ஒரு நிமிஷத்தில் காலியாகும் என்ற இரகசியத்தையும் கிழவிதான் சொல்லிக்கொடுத்தாள். தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போட்டு வைக்க வேண்டும் என்பதையும் அவள் சொன்னாள். ஆனால் அது ஒரு குஞ்சு முழுகிப் போன பிறகு.

ஒன்று தண்ணீருக்கு, ஒன்று பூனைக்கு, இரண்டு பருந்துக்கு என்று போக, மீதி 21 நின்றன. ஆறாம் வாரத்தில் அவற்றில் சிலவற்றின் தலையில் கொண்டை சற்று அவசரமாகச் சிவக்கத் தொடங்கியது. பிள்ளையவர்கள் ஆரோக்கியத்தின் அறிகுறி என்று மகிழ்ந்தார். எட்டாம் வாரத்தில் அந்த ஆரோக்கியவான்கள் 12 பேரும் கூரைமேல் ஏறி, உடைந்த தொண்டையில் கூவிப் பழகினார்கள். கீதை நண்பரின் பிராதக்காலத் தியானம் அன்றோடு பங்கமுற்றது. 'ஸ்திதப்பிரக்ஞன்' என்பவனைக் குறித்து ஒரு வருஷமாகப் பேசி வந்த அவர், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு தெருவில் இறங்கிக் கல்லைத் தேடினார். சேவல்கள் விலைக்கும் தானத்துக்குமாகப் போயின. எஞ்சிய ஒன்பதில் ஒன்றைக் கீரி கொண்டுபோக, கோழி இலாகாவின் நிரந்தரச் சிப்பந்திகள் எட்டுப் பேராக நிர்ணயமாயினர்.

இதற்குள் வெள்ளைக் கழிச்சல் தெருக்கோடி வரைக்கும் வந்து திரும்பியது. பெரிய உத்தியோகஸ்தர்கள் கோடையைக் கழிக்கப் போகும் குமாயூன் மலையில் ராணிகேத் என்று ஓர் ஊர் இருக்கிறதல்லவா? 1927 வாக்கில் அங்கே இந்த நோயை அடையாளம் கண்டதால் அதன் பெயரையே இதற்குச் சூட்டிவிட்டார்கள். அவ்வளவு சுகவாசமான ஊரின் பெயர் கழிச்சலுக்கு வந்து வாய்த்தது பிள்ளையவர்களுக்கு மிகுந்த மனவருத்தத்தைத் தந்தது. எனினும் கால்நடை வைத்தியரை வரவழைத்து, எட்டுக்கும் ஊசி போட்டு, போட்ட தேதியைப் பதிவேட்டில் சிவப்பு மையால் எழுதினார்.

பதிவேடு என்றேன் அல்லவா? அங்கேதான் இந்தப் பிரகிருதியின் உண்மையான ஸ்வரூபம் இருக்கிறது. ஒவ்வொரு கோழியின் காலிலும் தகர வளையம் மாட்டி நம்பர் கொடுத்திருந்தார். நம்பர் ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம். பக்கத்தின் தலைப்பில் பிறந்த தேதி, நியமனத் தேதி, அங்க அடையாளம். கொண்டை ஒரு கண்ணை மறைத்துச் சாய்ந்து விழுவது லெகார்ன் பெட்டைகளின் குலவழக்கம் என்பதை மறந்து, எட்டுக்கும் 'கொண்டை இடப்புறம் சாய்வு' அல்லது 'வலப்புறம் சாய்வு' என்று எழுதி வைத்திருந்தார். ஐந்தரை மாதத்தில் ஏழாம் நம்பர் முதல் முட்டை இட்டது. புறாமுட்டையைவிடச் சற்றுப் பெரிது, இளஞ்சூடு மாறாதது, ஓரத்தில் ஒரு சொட்டு இரத்தக் கறை. அதை அவர் உள்ளங்கையில் ஏந்தித் தெரு முழுதும் நடந்தார். மகஜர் நண்பர் வீட்டில் மட்டும் உட்காரவில்லை. அங்கே உட்கார்ந்தால் கையெழுத்துப் போடச் சொல்லுவார்கள்.

கோழிகளின் ஒழுங்கீனம் அவர் பார்வைக்கு வர அதிக நாள் ஆகவில்லை. ஒரு முட்டை உருவாகி வெளிவர 25, 26 மணி நேரம் செல்லும். அதில் ஓடு பூசுகிற வேலைக்கே 20 மணி போய்விடுகிறது. ஆகவே இன்று எட்டு மணிக்கு இட்ட கோழி நாளை ஒன்பதரைக்கும், மறுநாள் பதினொன்றுக்குமாகத் தள்ளிக்கொண்டே போய், பிற்பகல் ஆனதும் ஒரு நாள் சும்மா இருந்துவிட்டு, அடுத்த நாள் மறுபடியும் காலையில் தொடங்கும். இது சிருஷ்டியின் நியதி. பிள்ளையவர்களுடைய பதிவேட்டிலோ இது 'தாமத வருகை', 'தாமத வருகை', 'முன்னறிவிப்பின்றி ஆப்ஸென்ட்' என்று பதிவாயிற்று. இறகு உதிர்த்து இரண்டு மாதம் முட்டை நின்றதை, வெகு ஆலோசனைக்குப் பிறகு, 'மெடிகல் லீவு' என்று ஒப்புக்கொண்டார். லெகார்ன் ஜாதியில் அடை உட்காரும் குணத்தைத் தலைமுறை தலைமுறையாக வடிகட்டி எடுத்துவிட்டார்கள் என்பதில் அவருக்கு அளவற்ற திருப்தி. "பிரசவ லீவே கேட்காத சிப்பந்திகள், ஸார்! நம்முடைய கச்சேரியில் எங்கே கிடைப்பார்கள்?" என்பார்.

யார் இட்டது, யார் இடாமலே இட்டதுபோல் கேறிக்கொண்டு திரிகிறது என்று கண்டுபிடிப்பதற்குப் பொறிக்கூடு ஒன்று தச்சனை வைத்துச் செய்வித்தார். கோழி உள்ளே நுழைந்ததும் கதவு தானே விழும். விழுவது மட்டுந்தான் தானே நடக்கும். திறப்பதற்கு ஆள் வேண்டும். எனவே காலை எட்டு மணி முதல் பிற்பகல் மூன்று மணி வரைக்கும் பிள்ளையவர்கள் கூட்டருகே முக்காலி போட்டு உட்கார்ந்து, உள்ளே இருப்பவர் கேறியதும் எழுந்து கதவைத் திறந்து, வெளிவரும்வரை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் சிரஸ்தாராக இருந்த காலத்தில் அவர் அறைக்கதவைத் திறந்துவிடுவதற்கென்றே ஸர்க்கார் ஒரு சேவகனுக்குச் சம்பளம் கொடுத்து வந்தது என்பதை நான் ஞாபகப்படுத்தவில்லை. கோழிகளும் சேவகனைத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆனால் ஒரு விஷயத்தில் அவருடைய கச்சேரி அனுபவம் வீண்போகவில்லை. மிகுதியாக முட்டையிடும் கோழிக்குக் காலிலும் மூக்கிலும் உள்ள மஞ்சள் நிறமெல்லாம் முட்டைக்கே போய்விட, கால் வெளிறி, இறகு கலைந்து, பரதேசிபோல் நிற்கும். இடாத கோழியோ மஞ்சட்கால் மின்ன, இறகு பளபளக்க, பார்ப்பவர் மெச்சும்படி உலாவும். புதிதாக வந்த விருந்தாளிகள் எல்லாரும் நாலாம் நம்பரைக் காட்டி, 'ஆஹா, இதுவல்லவோ கோழி!' என்பார்கள். பிள்ளையவர்கள் தலையை அசைத்து, "அது கலெக்டர் காம்ப் வரும்போது முன்வரிசையில் நிற்கும் ஆசாமி. வேலை செய்கிறவனை இதோ பாருங்கள்" என்று குப்பைக்குழியருகே நைந்து நின்ற ஏழாம் நம்பரைக் காட்டுவார்.

முட்டை ஏறக்குறைய நாள்தோறும் வந்தது. வந்த முட்டை வீட்டுக்குள் வரக்கூடாது என்பது ஆச்சியின் உத்தரவு. திண்ணை அலமாரியில், பழைய ஸர்க்கார் கெஜட்டுகளின் நடுவே, முட்டைகள் அடுக்கப்பட்டன. பிள்ளையவர்கள் சும்மா இருக்கவில்லை. காந்தியடிகள் 1942-ல் ஆகாகான் மாளிகையில் சிறையிருந்தபோது எழுதிய ஆரோக்கிய நூலில், சேவல் சேராமல் இடும் முட்டை ஒருநாளும் குஞ்சாகாது என்றும், பால் அருந்துகிறவர் அதை உண்பதற்கு ஆட்சேபம் இருக்க வேண்டியதில்லை என்றும் கூறியிருப்பதைத் தேடி எடுத்து, ஸர்க்கார் ஆணையை வாசிப்பதுபோல் சமையலறை வாசலில் நின்று வாசித்தார்.

ஆச்சி முழுவதையும் கேட்டாள். "சொன்னவரு மகாத்மாதான். அதுக்கு நான் என்ன சொல்ல? ஆனா அவரும் சாப்பிட்டாருன்னு அதுல எழுதியிருக்கான்னு பாருங்க" என்றாள். அதற்குப் பின் சமையலறை வாசலில் அந்தப் பிரேரணை எழவில்லை.

ஆயினும் தெருவில் சைவர்கள் சிலர், பிள்ளைகள் சத்தில்லாமல் இளைத்துப் போவதாக டாக்டர் சொன்னதன்பேரில், 'சைவ முட்டை' என்ற நாமதேயத்தின் பலத்தில் இரகசியமாக வாங்கத் துணிந்தார்கள். பிள்ளையவர்கள் வளவில் சேவல் கிடையாது என்பதே வியாபாரத்தின் மூலதனம். கிழவியின் நாட்டுச் சேவலுக்கு இந்தச் சாஸ்திரம் தெரியாது. ஒரு நாள் மத்தியானம், முக்காலியில் அவர் கண்ணயர்ந்த வேளையில், அது மதில் ஏறிக் குதித்தது. அவர் விழித்துக் குடையை ஓங்கிக்கொண்டு ஓடுவதற்குள், சுப்பிரமணியக் கடவுளின் கொடியில் நிற்கும் அதே கம்பீரத்தோடு அது கூரைமேல் நின்று ஒருமுறை கூவிவிட்டு இறங்கிப் போயிற்று. என்ன நடந்தது, நடந்ததா என்பது சர்ச்சைக்குரியது. ஆனால் சேவலின் ஒருநாள் வருகை, கோழி இரண்டு வாரம் இடும் முட்டைகளைக் கருவுள்ளதாக்க வல்லது என்று புஸ்தகம் சொல்லிற்று, மனிதரோ நாணயஸ்தர். இரண்டு வார முட்டைகளின்மேல் 'சந்தேகம்' என்று பென்சிலால் எழுதி வைத்தார். அதை யார் வாங்குவார்கள்? கிழவி வந்து 13 'சந்தேக'ங்களை மடியில் கட்டிக்கொண்டு போய், கூடையில் மணலிட்டு, ஒரு கரித்துண்டும் இரும்பாணியும் வற்றல் மிளகாயும் காவலுக்குப் போட்டு, தன் அடைக்கோழியை அதன்மேல் உட்கார வைத்தாள். 21-ஆம் நாள் பதினொன்று பொரித்தன, இரண்டு கூமுட்டை. சந்தேகம் நிவர்த்தியாயிற்று. அன்று முதல் பிள்ளையவர்கள் முக்காலியில் தூங்கவில்லை.

இந்த வர்க்கத்தாரை எங்கே கண்டாலும் அடையாளம் கண்டுகொள்ளலாம். பேசிக்கொண்டிருக்கையில் வானத்தை ஒரு முறை அண்ணாந்து பார்ப்பார்கள், பருந்து. சட்டைப்பையில் கை விட்டால் கிளிஞ்சல் தூள் வரும், ஓடு கெட்டியாவதற்கு. கலியாணப் பந்தியில் பாயசம் பரிமாறும்போது, கழிச்சலில் வெள்ளை எது, பச்சை எது, இரத்தம் கலந்தது எது என்று அடுத்த இலைக்காரருக்கு விஸ்தரிப்பார்கள். அடுத்த இலைக்காரர் பாயசத்தை மூடிவிடுவார்.

வரவு செலவைப் பற்றி நான் விசாரித்ததில்லை. அவராகவே ஒரு நாள் காட்டினார். கோழி ஒன்றுக்கு நாளைக்குக் கால் ராத்தல் தீனி என்று கம்பும், கேழ்வரகும், தவிடும், கடலைப் பிண்ணாக்கும் ஒரு பக்கம். கூண்டு, கம்பிவலை, தச்சுக்கூலி, வைத்தியர் வண்டிச்சத்தம் ஒரு பக்கம். கூட்டி வகுத்துப் பார்த்ததில் கடையில் இரண்டணாவுக்குக் கிடைக்கும் முட்டை அவருக்கு அடக்கவிலை மூன்றரையணா ஆயிற்று. ஒரு முட்டைகூடச் சாப்பிடாத மனிதர் ஒவ்வொரு முட்டைக்கும் ஒன்றரையணா கைப்பொறுப்பு! இந்நிலையில் 1957-ல் நயா பைசா வந்தது. இரண்டணா என்றால் பன்னிரண்டரைப் பைசா. மாற்று அட்டவணையில் அரைப் பைசாவைத் தள்ளி 12 என்று போட்டிருந்தார்கள். ஒன்றரையணா நஷ்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதவர், முட்டைக்கு அரைப் பைசா ஸர்க்காரால் தமக்கு நஷ்டம் என்று மனம் கொதித்து, மகஜர் நண்பரைத் தேடிப் போனார். இருவரும் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஏழாம் நம்பருக்கு நாலு வயதாயிற்று. முட்டை வாரத்துக்கு ஒன்றாகி, மாதத்துக்கு ஒன்றாகி, பின்பு நின்றே போயிற்று. இரண்டாம் வருஷம் முட்டையிட்டு முடிந்ததும் கோழியைக் கழித்துவிட வேண்டும், அதற்குமேல் தீனி போடுவது நஷ்டம் என்று புஸ்தகத்தில் தடித்த எழுத்தில் இருந்தது. கோழிக்காரன் கூடையோடு வந்து வாசலில் நின்றான். மூன்று ரூபாய் என்றான். பிறகு மூன்றே கால் என்றான். பிள்ளையவர்கள் புஸ்தகத்தைப் பார்த்தார், பதிவேட்டைப் பார்த்தார், தம் பக்கத்தில் வந்து காலடியில் கொத்திக்கொண்டிருந்த வெளிறிய ஜந்துவைப் பார்த்தார்.

"சர்வீஸ் முடிந்தவர்களையெல்லாம் குழம்பு வைப்பதென்றால், நான் இங்கே எப்படி நிற்கிறேன் என்று நினைக்கிறாய்?" என்றார்.

கோழிக்காரனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. உள்ளேயிருந்து ஆச்சியின் குரல் வந்தது: "அத ஒண்ணும் குடுக்க வேண்டாம். காலையில கோலத்து மாவக் கொத்த அது ஒண்ணுதான் வரும், நான் வெரட்டணும்."

அவன் போன பிறகு பிள்ளையவர்கள் பதிவேட்டில் ஏழாம் பக்கத்தின் அடியில் சிவப்பு மையால் கோடு கிழித்தார். ஒவ்வொரு மாதமும் முதல் தேதியன்று கோட்டை மாட்டிக்கொண்டு கஜானாவுக்குப் போய், தாம் உயிரோடிருப்பதை நேரில் நிரூபித்துப் பென்ஷன் வாங்கிக்கொண்டு திரும்பியதும், கோட்டைக் கழற்றாமலே கொல்லைப்புறம் சென்று, கூண்டுக்குள் குனிந்து பார்த்து, ஒரு பிடி கம்பைத் தனியாகப் போட்டுவிட்டு வந்து அவர் அந்தக் கோட்டின் கீழ் எழுதி வந்த வாசகத்தை நானே பார்த்திருக்கிறேன்: 'ஏழாம் நம்பரை இன்று நேரில் பார்வையிட்டேன். உயிருடன் இருக்கிறது.' கீழே தேதியும், முப்பது வருஷப் பழக்கத்தில் சற்றும் கோணாத அவருடைய கையெழுத்தும்.